பிரண்டன் ஐக் விலகியதற்காக பயர்பாக்ஸை நீக்க வேண்டுமா?

லாஸ்பேட்டை மாணவன்:
என் லேப்டாப்பில் பயர்பாக்ஸ்தான். அதை உருவாக்கும் மொசில்லா, கருத்துக்காகத் தன் தலைவர் பிரண்டன் ஐக்கை வெளியேற்றிய நிறுவனம், அதைத் தூக்கிப் போடு என்கிறான் அறைத் தோழன். கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடை செய்யும் 'முன்மொழிவு 8'-க்கு 2008-இல் ஐக் 1000 டாலர் கொடுத்தாராம். சொந்தப் பணம்தானே? நானும் புறக்கணிக்கலாமா?

மஞ்சக்குப்பம் சென்டர்:
தம்பி, நான் கடலூரில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். எல்லா சிஸ்டத்திலும் பயர்பாக்ஸ் உண்டு, அதுவும் தமிழ் முகப்போடு. அதை நீக்க மாட்டேன்.

ஐக் 2014 மார்ச் 24-இல் மொசில்லாவின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார், ஏப்ரல் 3-இல் விலகினார். அதற்குள் ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தளம், பயர்பாக்ஸில் வருகிறவர்களை வேறு பிரவுசருக்கு மாறச் சொன்னது. அவர் விலகியதும் எதிர்த் தரப்பு புறக்கணிப்பைக் கையில் எடுத்தது. இரண்டு தரப்பும் அடித்தது ஒரே பொருளை!

அடுத்தவர் கல்யாண உரிமையைத் தடுக்கப் பணம் கொடுத்தவர் தலைமைக்கு வந்தால், அங்கே வேலை செய்யும் ஒருபாலீர்ப்பாளர்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதே சமயம், 1995-இல் வலைத்தளங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியை உருவாக்கி, மொசில்லாவையும் தொடங்கியவர்களில் ஒருவர் இப்படிப் போனதில் வருத்தமும் உண்டு. வேறு பொறுப்பில் இருக்கச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை என்று மொசில்லா அப்போது சொன்னது.

சரி, நீ நீக்கினால் அடி யாருக்கு? தமிழாக்கம் செய்கிற தன்னார்வலர்களுக்கு. அப்புறம், கெக்கோவுக்கு; வலைப்பக்கங்களைத் திரையில் காட்டும் பயர்பாக்ஸின் சொந்த எஞ்சின் அது. குரோம், எட்ஜ், ஓபரா எல்லாமே கூகுளின் குரோமியம் என்ற மென்பொருளில், அதன் எஞ்சினில் ஓடுபவை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறந்த விண்ணப்பப் படிவங்களோடு சென்டர்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமா? எல்லாத் தளமும் ஒரே எஞ்சினுக்காக எழுதப்பட்டால் அந்தக் காலம் திரும்பி வரும்.

நெல்லித்தோப்பு வாசகி:
அண்ணா, பிடிக்காத நிறுவனத்தை விட்டு விலகுவது பயனரின் உரிமை. ஐக் 2015-இல் பிரேவ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் மேல் மதிப்பு உள்ளவர்கள் அந்தப் பிரவுசருக்குப் போகட்டுமே.

மஞ்சக்குப்பம் சென்டர்:
போகட்டும்மா, அதில் நியாயம் உண்டு. ஆனால் பிரேவும் குரோமியம்தான். என் கவலை அதுதான்.

லாஸ்பேட்டை மாணவன்:
எஞ்சின் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணா. நீக்கவில்லை. தமிழ் முகப்பு எங்கே மாற்றுவது?

மஞ்சக்குப்பம் சென்டர்:
செட்டிங்ஸில் ஜெனரல், அதில் லாங்குவேஜ். பட்டியலில் தமிழ் இல்லையென்றால் கூடுதல் மொழிகளைத் தேடும் வசதி அங்கேயே இருக்கிறது.