உதவிப் பேராசிரியர் நேர்காணல்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஆறு வருடத்தில் ஐந்து நேர்காணல் பார்த்துவிட்டேன். எல்லாம் உதவிப் பேராசிரியர் பணி, தாவரவியல். கடைசியாகப் போன பல்கலைக்கழகத்தில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். மற்ற நாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஆன்லைனில் விண்ணப்பித்தாலும் தாளில் ஏழு செட் அனுப்பச் சொன்னார்கள். ஒரு செட் 140 பக்கம். ஸ்பைரல் போட்டுக்கொண்டே ஜெராக்ஸ் கடை அண்ணன், "போன வருசமும் இதையேதானேம்மா போட்டோம்?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளில் ஒரு மதிப்பெண் அட்டவணை உண்டு. பிஎச்டிக்கு 30, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுக்கு 5, அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகையோடு தேறியிருந்தால் 7, கட்டுரைக்குத் தலா 2 என்று 10 வரை, அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 என்று 10 வரை. அந்த இரண்டு மதிப்பெண்ணுக்காக ஒரே கட்டுரையோடு மூன்று இதழ்களின் வாசலில் நின்றவள் நான். ஆனால் இந்த மதிப்பெண் நேர்காணலுக்கு அழைக்க மட்டும்தான், தேர்வு நேர்காணலை வைத்தே என்றும் அதே விதி சொல்கிறது. பட்டியலில் நான் நான்காவது. கதவைத் தாண்டியதும் நான்காவதும் நாற்பதாவதும் ஒன்றுதான்.

காலை ஒன்பதுக்கு வரச் சொல்லிவிட்டுக் கூப்பிட்டது மதியம் மூன்றே முக்காலுக்கு. வெளியூரிலிருந்து வந்திருந்த வல்லுநர், சோளம், கரும்பு போன்ற சி4 தாவரத்தின் இலை அமைப்பை விளக்கச் சொன்னார். சாக்பீஸை எடுத்து, நரம்பைச் சுற்றியிருக்கும் உறைச் செல்களை வளையமாக வரைய ஆரம்பித்தேன். பாதி வளையம்கூட ஆகவில்லை, "போதும்மா. வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கிறார்?" என்றார் நடுவில் இருந்தவர். அடுத்து, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று. ஒன்பது நிமிடத்தில் முடிந்தது.

வராந்தாவில் ஒருவர், "இதெல்லாம் ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு மேடம்" என்று ஒரு தொகையும் சொன்னார். ஐந்து இடத்திலும் இப்படி ஒருவரைப் பார்த்தேன். அவருக்கு நிஜமாகவே ஏதாவது தெரியுமா என்பது சந்தேகம்தான். ஆனால் யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று அலுவலகம் வாயே திறக்காதபோது, அவர் பேச்சுதான் ஊருக்குள் நிற்கிறது.

*

வணிகவியல், சுயநிதிக் கல்லூரி

மேடம், நீங்கள் உள்ளேயாவது போய் வந்தீர்கள். வேலையில் சேரும்போது வாங்கி வைத்த என் ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரி அலுவலக பீரோவில் இருக்கின்றன. நேர்காணலுக்கு வேண்டும் என்றால், "ரிலீவ் ஆயிட்டு வாங்கிக்கங்க" என்கிறார்கள். எட்டு வருட அனுபவத்துக்குச் சான்று கேட்டேன். பதிவேட்டில் என் பெயர் மூன்று வருடமாகத்தான் இருக்கிறதாம். அதற்கு முந்தைய ஐந்து வருடம் வகுப்பெடுத்தது யாரோ!

அப்புறம் இந்த பிஎச்டி. 2021 ஜூலையிலிருந்து பல்கலைக்கழக வேலைக்கு அது கட்டாயம் என்று சொன்னார்களே, அதை நம்பிக் கடன் வாங்கிச் சேர்ந்தேன். முதலில் தள்ளிப்போட்டார்கள். 2023 ஜூலையில் நெட்டோ மாநிலத் தகுதித் தேர்வான செட்டோ இருந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். கடன் தவணை இன்னும் ஓடுகிறது.

*

இயற்பியல்

எனக்குக் கிடைத்தது, ஆறாவது தடவையில். பைசா கொடுக்கவில்லை. இருபது நிமிடமும் பாடத்திலேயே கேட்டார்கள். பலகையில் ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டுத் தடுமாறினேன். குழுவில் இருந்த ஒருவர் எழுந்து வந்து, "இங்க பாருங்க தம்பி" என்று விரலாலேயே அழித்துக் காட்டினார். இப்படியும் நடக்கிறது மேடம். ஆனால் என்னை எதற்கு எடுத்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை எதற்கு விட்டார்கள் என்று எனக்கும் தெரியாது. அவர் என்னைவிட நல்ல இதழ்களில் எழுதியிருந்தார்.

பணி ஆணையோடு ஊருக்குப் போனேன். சித்தப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, அம்மா அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்து மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவுப்பா ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

"சரி சரி, எங்கிட்டச் சொல்ல வேண்டாம்" என்றார்.