மொறிஸ் மைனருக்கு ஆர்பிஎம் மீற்றர்: முள் 5500ஐ விட்டு அசையவில்லை, உதவுங்கள்

உப்புவெளி மைனர்:
வணக்கம். அப்பாவின் மொறிஸ் மைனர் காருக்கு, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் மீற்றரை 555 ரைமர் ஐசியில் கட்டினேன். இக்னிசன் கொயிலின் பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சுவிச்) பக்கத்திலிருந்து 22கே றெசிஸ்ரர், அப்புறம் வோல்ற்றை மட்டுப்படுத்த 8.2 வோல்ற் சேனர் டயோட், அங்கிருந்து நேரே ஐசியின் 2ஆம் கால் (துடிப்பைத் தொடக்கும் உள்ளீடு). துடிப்பு நேரத்துக்கு 33கே, 0.1 மைக்ரோபரட்; ஒரு துடிப்பு 3.6 மில்லிசெக்கன். சப்ளை 7809, அதாவது 9 வோல்ற் றெகுலேற்றர். வீட்டு மேசையில் றான்ஸ்போமரும் பிறிட்ஜும் வைத்து 100 ஹேர்ட்ஸ் கொடுத்தபோது 3000இல் சரியாக நின்றது (நாலு சிலிண்டரில் சுற்றுக்கு இரண்டு துடிப்பு). காரில் பூட்டினால் ஐட்லிங்கிலும் 5500, ஆக்சிலேற்றரை அமத்தினாலும் 5500. இரண்டு ஐசி மாற்றிவிட்டேன்.

உவர்மலை:
தம்பி, பழைய மைனர்களில் பற்றறியின் பொசிற்றிவ்தான் எர்த், அதாவது கார் பொடியோடு இணைந்திருக்கும். அதைப் பார்த்தீர்களா?

உப்புவெளி மைனர்:
ஓம் அண்ணை, ஒல்ற்றனேற்றர் போட்டபோதே நெகற்றிவ் எர்த் ஆக்கியாச்சு.

உவர்மலை:
சரி, அப்படியென்றால் ஐசியில் பிழை இல்லை. 2ஆம் கால் தாழ்ந்தே கிடந்தால், துடிப்பு நேரம் முடிந்தாலும் மீற்றரை ஓட்டும் 3ஆம் கால் இறங்காது. பொயின்ற் மூடியிருக்கும் நேரமெல்லாம் உங்கள் 2ஆம் கால் எர்த்தில்தான் கிடக்கிறது. நாலு சிலிண்டர் டிஸ்ரிபியூட்டரில் ஒவ்வொரு 90 பாகையிலும் ஏறக்குறைய 60 பாகை பொயின்ற் மூடியிருக்கும். எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றினாலும் அந்த மூன்றில் இரண்டு பங்கு மாறாது, 3ஆம் காலின் சராசரியைக் காட்டும் முள்ளும் மாறாது. மேசையில் அலை பூச்சியத்துக்கு வந்த கையோடு ஏறிவிட்டது, அதனால் அங்கே பிழை தெரியவில்லை.

சேனரை எடுத்துவிட்டு ஒரு பிசி547 றான்சிஸ்ரர் போடுங்கள். பேஸுக்கு அதே 22கே. பேஸிலிருந்து எர்த்துக்கு 10கே, அதோடு தலைகீழாக ஒரு 1என்4148 டயோட். டயோடை விட்டுவிட வேண்டாம், பொயின்ற் திறக்கும்போது கொயிலில் 300 வோல்ற்வரை எகிறி எதிர்ப்பக்கமும் ஆடும். கலெக்ரருக்கு 9 வோல்ற்றிலிருந்து 4.7கே. கலெக்ரரிலிருந்து 2ஆம் காலுக்கு 0.01 மைக்ரோபரட், அந்தக் காலிலிருந்து 9 வோல்ற்றுக்கு 10கே. பொயின்ற் திறக்கும் கணத்தில் ஒரு சின்னக் குத்து மட்டும் போகும்.

உப்புவெளி மைனர்:
அண்ணை, வேலை செய்கிறது! ஐட்லிங் 800. ஆனால் அங்கே மட்டும் முள் நடுங்குகிறது.

உவர்மலை:
800இல் விநாடிக்கு 27 துடிப்புக்கூட இல்லை, அதுதான். மீற்றருக்குக் குறுக்கே 470 மைக்ரோபரட் போடுங்கள். எர்த் போல்ற்றையும் சுரண்டிவிடுங்கள், கடற்காற்றில் பச்சை பிடித்திருக்கும்.

உப்புவெளி மைனர்:
பச்சையேதான் அண்ணை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நேற்றுப் பின்னேரம் நிலாவெளி றோட்டில் ஓடிப் பார்த்தோம். முள் மெல்ல மெல்ல ஏறுவதை அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.