சோகமாக வரவேண்டிய பெண் முகம் கோபமாகத் தெரிகிறது (ஆயில் போர்ட்ரெய்ட்)

கரித்துண்டு:
ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நடுவயதுப் பெண்; 16×20 அங்குல கேன்வாஸ். ஏதோ நினைவில் ஆழ்ந்த முகமாக வரவேண்டும். வந்திருப்பதோ எரிச்சல். தோலும் சுண்ணாம்படித்த மாதிரி வெளுத்திருக்கிறது. டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர், கேட்மியம் ரெட், பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) மட்டும்தான் பயன்படுத்தினேன். எங்கே திருத்துவது?

ஈரத்தூரிகை:
முதலில் புருவத்தின் உள்முனையைப் பாருங்கள். அது கீழே இறங்கி அழுத்தமாக இருந்தால் கோபம். அரை மில்லிமீட்டர் மேலே ஏறினாலே முகம் வாடிவிடும். அடுத்தது வாயோரம். இரண்டு ஓரத்தையும் கூர்மையாக முடித்தால் உதட்டை இறுக்கிக்கொண்ட மாதிரி ஆகும். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே, உலர்ந்த மென்தூரிகையால் ஓரத்தை மட்டும் கன்னத்து நிழலுக்குள் இழுத்துவிடுங்கள். மோனலிசாவின் வாயோரமும் கண்ணோரமும் இப்படித்தான் நிழலில் கரைகின்றன. அவள் சிரிக்கிறாளா என்ற சந்தேகம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

காய்ந்துவிட்டதா? தேய்த்துப் பயனில்லை. அந்த இடத்தில் லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) மிக மெல்லியதாகத் தடவி, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வாயைச் சுற்றியுள்ள தோலையும் சேர்த்து மறுபடி போடவேண்டும். உதட்டைச் சுற்றிக் கோடு இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். வெர்மீரின் முத்துத்தோடு அணிந்த பெண்ணில் (சுமார் 1665) மூக்குத்தண்டுக்கும் அப்பாலுள்ள கன்னத்துக்கும் நடுவே கோடே கிடையாது.

ஓக்கர்:
வெளுப்புக்குக் காரணம் வெள்ளைதான். டைட்டானியம் ஒயிட் நிறத்தை வெளிச்சமாக்கும்போதே அதன் சூட்டையும் (மஞ்சள், சிவப்புச் சாயலை) உறிஞ்சிவிடும். ஒவ்வொரு முறை வெள்ளை சேர்க்கும்போதும் ஓக்கரும் சிவப்பும் துளி சேருங்கள். நிழலில் வெள்ளையைக் கிட்டத்தட்டத் தொடவே வேண்டாம். அல்ட்ராமரின் ப்ளூ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நேர் வெயில் விழாத ஜன்னல் வெளிச்சம் குளிர்ச்சியானது, அதாவது நீலச் சாயல் கொண்டது. வெளிச்சப் பகுதியில் துளி நீலம் வந்தால்தான் நிழல் சூடாகத் தெரியும். மூக்கு நுனி, காது, கன்னம் மூன்றும் நெற்றியைவிடச் சிவப்பு. கண்ணின் வெள்ளையை வெள்ளையாகவே போட்டால் முறைக்கிற பார்வை வந்துவிடும்: சாம்பல் போடுங்கள், மேல் இமையின் நிழலும் அதன்மேல் விழட்டும்.

கரித்துண்டு:
மேலே அலிசரின் (அடர் சிவப்பு) கிளேஸ், அதாவது கீழே உள்ளது தெரியும்படி மெல்லிய நிறப்பூச்சு ஒன்று போட்டால் சரியாகாதா?

ஈரத்தூரிகை:
டோன் (வெளிச்சம், இருட்டின் அளவு) தப்பாக இருந்தால் கிளேஸ் காப்பாற்றாது. சிவப்பான சுண்ணாம்பாகும், அவ்வளவுதான். போனில் படமெடுத்து கறுப்பு வெள்ளையாக்குங்கள். நிழலிலேயே வெளிச்சமான இடம்கூட வெளிச்சப் பகுதியின் இருண்ட இடத்தைவிட இருட்டாக இருக்கவேண்டும். இல்லையென்றால் முதலில் நிழலை இன்னும் இருட்டாக்குங்கள். கிளேஸ் அதெல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு.