துரித உணவு: அன்று எப்போது, இன்று எத்தனை முறை?

இழையைத் தொடங்கியவர், மதுரை:

துரித உணவு நல்லதா கெட்டதா என்ற விவாதம் வேண்டிய அளவு நடந்துவிட்டது. அதை இங்கே மீண்டும் தொடங்க எனக்கு விருப்பமில்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. உங்கள் வீட்டில் அது முன்பு எப்போதெல்லாம் வந்தது, இப்போது எப்போதெல்லாம் வருகிறது, இடையில் அந்தக் கணக்கை மாற்றியது எது என்பதை அவரவர் அனுபவத்திலிருந்து எழுதுங்கள்.

1995இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் கேஎஃப்சி திறக்கப்பட்டபோது நான் அந்நகரில் வேலையில் இருந்தேன். விவசாயிகள் சங்கத்தின் எதிர்ப்பும் போராட்டமும் நாளிதழ்களில் அடிபட்டதாலேயே அந்தக் கடையைப் பார்த்துவிட வேண்டும் என்று நண்பர்களுடன் போனேன். மறுமுறை போகத் தோன்றவில்லை. அந்தப் பணத்துக்கு மிலிட்டரி ஹோட்டலில் இரண்டு பேர் வயிறார உண்ணலாம். பின்னர் மதுரைக்கு மாற்றலாகி வந்து, பிள்ளைகள் வளர்ந்தபோது, பிறந்தநாள் என்றால் பீட்சா என்றொரு வழக்கம் வீட்டுக்குள் நுழைந்தது. இன்று அதே பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். வார நாட்களில் பர்கரும் பிரைடு ரைஸும் சாப்பிட்டுவிட்டு, பிறந்தநாளுக்கு ஊருக்கு வரும்போது ரசமும் அப்பளமும் கேட்கிறார்கள். எது அன்றாடம், எது விசேஷம் என்பது ஒரு தலைமுறைக்குள் இடம் மாறிவிட்டது.

மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பும் ஏறக்குறைய இதையே காட்டுகிறது. மொத்தச் செலவில் பானங்களுக்கும் பதப்படுத்திய உணவுக்கும் மக்கள் செலவிடும் பங்கு 1999-2000இல் கிராமங்களில் 4.19 விழுக்காடாகவும் நகரங்களில் 6.35 விழுக்காடாகவும் இருந்தது. 2022-23இல் அது முறையே 9.62, 10.64 என்று உயர்ந்திருக்கிறது. டீயும் பிஸ்கட்டும்கூட இந்தக் கணக்கில் சேரும் என்பதால் முழுவதையும் பிரைடு ரைஸின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் கிராமத்துக்கும் நகரத்துக்கும் இருந்த இடைவெளி இவ்வளவு சுருங்கியிருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

உறுப்பினர், சென்னை:

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரவுப் பணியில் இருந்தவள் நான். தொடக்கத்தில் வெளியே சாப்பிட வேண்டுமென்றால் உடை மாற்றி, ஆட்டோ பேசி, தோழிகளைத் திரட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்தச் சோம்பலே பல நாட்கள் எங்களைத் தயிர்சாதத்தோடு நிறுத்தியது. 2014இல் பெங்களூரில் தொடங்கிய ஸ்விக்கி சென்னைக்கும் வந்த பிறகு அந்தத் தடை நீங்கியது. ஆசை கூடியதால் நாங்கள் அதிகம் சாப்பிடத் தொடங்கவில்லை. அதே ஆசைக்கு இப்போது செலவாகும் உழைப்பு குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் தென்காசிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குத் திரும்பி, அங்கிருந்தே வேலை பார்த்தேன். அப்போது வீட்டு வாசலுக்கு உணவு கொண்டுவரும் சேவை எதுவும் அங்கே கிடையாது. சென்னையில் விட முடியாத பழக்கம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது ஒரு முயற்சியும் இல்லாமல் நின்றது. அம்மாவின் சமையலும் அதற்கு ஒரு காரணம்தான். பின்பு அலுவலகம் திரும்ப அழைத்தது, சென்னைக்கு வந்தேன், ஒரே வாரத்தில் பழைய கணக்கு திரும்பிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் என் மனவுறுதியும் மாறவில்லை, நாக்கும் மாறவில்லை.

கடைக்காரர், திருப்பூர்:

நீங்கள் எல்லோரும் சாப்பிடும் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். நான் அடுப்புப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பனியன் கம்பெனிகள் நிறைந்த ஒரு தெருவின் முனையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தள்ளுவண்டியில் ஃபாஸ்ட் புட் கடை நடத்துகிறேன். மாலையில் சோற்றை முக்கால் பதத்தில் வடித்து ஆறவிட்டு, முட்டைக்கோசும் கேரட்டும் பீன்ஸும் நறுக்கி வைத்துவிட்டால், ஆள் வந்து நின்றதும் பெரிய தீயில் வாணலியைப் போட்டு உடனே தட்டில் கொடுத்துவிடலாம்.

இங்கே வாரச் சம்பளம், அதுவும் சனிக்கிழமை. எனவே அந்தக் காலத்தில் சனிக்கிழமை இரவில்தான் வியாபாரம். கையில் காசு வந்த இளைஞர்கள் வண்டியைச் சுற்றி நின்று முட்டை ரைஸும் சில்லி சிக்கனும் சாப்பிடுவார்கள், புதன்கிழமைக்குள் காசு கரைந்துவிடும், வண்டியும் ஓய்ந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள் என்பது அவர்களாக வகுத்த கட்டுப்பாடு அல்ல. சம்பளத் தேதி வகுத்தது.

இன்று சனிக்கிழமைக் கூட்டம் மற்ற நாட்களுக்கும் பரவிவிட்டது, ஆனால் நின்று சாப்பிடுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒருவர் வருகிறார், மூன்று நான்கு பார்சல் சொல்கிறார், ஒன்றில் காரம் வேண்டாம் என்கிறார். காரம் வேண்டாத பொட்டலம் குழந்தைக்கு என்பது கேட்காமலே தெரியும். அதாவது அன்றைக்கு அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. கணவனும் மனைவியும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போகும்போது அதற்கு மேல் யார் சமைப்பது? அவர்களைச் சோம்பேறிகள் என்று பேசுபவர்களுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் என்னவென்று தெரியாது என்றுதான் நினைக்கிறேன். வெளிமாநிலத்திலிருந்து வந்து ஒரே அறையில் பலராகத் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கு அடுப்பு வைக்கவே இடமில்லை. அவர்களும் தினசரி வருகிறார்கள்.

கைப்பேசியில் பணம் அனுப்பும் வழக்கம் வந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்பு சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு அரை பிளேட் சொன்னவர்கள் இப்போது யோசிக்காமல் முழு பிளேட் சொல்கிறார்கள்.

உறுப்பினர், நாமக்கல்:

எங்கள் ஊரில் கணக்கு கீழே இறங்கிய ஒரு காலத்தையும் பதிவு செய்கிறேன். 2023 செப்டம்பரில் இங்கே ஒரு உணவகத்தில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்தார், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதன் பிறகு எங்கள் தெருவில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை; பிள்ளைகள் கேட்டால் அடிக்காத குறை. ஆனால் பொங்கலுக்குள் கடைகளில் பழைய கூட்டம் வந்துவிட்டது. முட்டை ஊர்க்காரர்களான எங்களுக்கு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை விதித்ததுதான் அதைவிட நீண்ட பேச்சாக இருந்தது. அப்போதும் கடைக்குப் போவதை யாரும் குறைக்கவில்லை. முட்டையில்லாத மயோனைசு இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார்கள்.

உறுப்பினர், சென்னை:

திருப்பூர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. புரட்டாசியிலும் சபரிமலைக்கு மாலை போடும் மாதங்களிலுமாவது உங்கள் வியாபாரம் படுக்கிறதா? எங்கள் அலுவலகத்தில் அதற்கான அறிகுறியே தெரிவதில்லை.

கடைக்காரர், திருப்பூர்:

முன்பெல்லாம் புரட்டாசியில் பாதிக்குக் கீழே இறங்கிவிடும், அம்மா. அதனால் அந்த மாதத்தில்தான் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பேன், ஊருக்கும் போய்வருவேன். இப்போது கோழி கேட்டவர்களே காளான் ரைஸும் கோபி மஞ்சூரியனும் கேட்கிறார்கள். விரதம் கறிக்குத்தானே தவிரக் கடைக்கு இல்லை. சில வாடிக்கையாளர்கள் தனி வாணலி வைத்திருக்கிறேனா என்று விசாரித்ததால் அதையும் வாங்கிவிட்டேன். வண்டிக்குப் பெயின்ட் அடிப்பதை இப்போது தீபாவளிக்குக் கம்பெனிகள் மூடும் வாரத்துக்குத் தள்ளியிருக்கிறேன்.