புதுப்பிப்பு: அம்மாவின் மறதிக்குக் காரணம் தெரிந்தது

மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: 72 வயது அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார், பேரன் பெயர்கூடச் சட்டென்று வருவதில்லை, இது டிமென்ஷியாவா, அதாவது நினைவும் சிந்திக்கும் திறனும் படிப்படியாகக் குறையும் நோயா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் பார்த்த மருத்துவர் "வயதானால் அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். அந்த வார்த்தையை நம்பி வீணாக்கிய நாட்களை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. பிறகு போன மனநல மருத்துவர் முதலில் தைராய்டு, வைட்டமின் பி12 இரத்தப் பரிசோதனைகள் எடுக்கச் சொன்னார். இரண்டும் சரியாகவே இருந்தன. அடுத்து, முதியவர்களின் மனச்சோர்வை அறிவதற்கான 15 கேள்விகள். "வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா?" என்று கேட்டதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா போன பிறகு அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

மனச்சோர்வுதான். முதுமையில் அது சோகமாக வெளிப்படாமல் மறதியாக, உடல்வலியாக, பசியின்மையாக வரலாமாம். நினைவுக் கேள்விகளுக்கெல்லாம் அம்மா "தெரியாது, விடுங்கள்" என்றே சொன்னார். டிமென்ஷியா உள்ளவர்கள் பெரும்பாலும் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள் என்றார் மருத்துவர்.

மாத்திரை தொடங்கி எட்டு வாரம் ஆகிறது. நேற்று காபியில் சர்க்கரை போதவில்லை என்று என்னைக் கடிந்துகொண்டார். கேட்கவே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சிலருக்கு முதுமை மனச்சோர்வு டிமென்ஷியாவின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், ஆறு மாதம் கழித்து நினைவுச் சோதனையை மறுபடியும் செய்யப்போகிறோம்.