"இரண்டு மடங்கு ஆபத்து" என்பது எவ்வளவு ஆபத்து?

கேள்வி:
வணக்கம். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறை எனப்படும் புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று எச்சரித்தது. பெண்கள் பலர் அஞ்சி மாத்திரையைப் பாதியில் நிறுத்தினர். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடியதாக மதிப்பிடுகிறார்கள். அறிவிப்பில் பொய் இல்லையென்றால், தவறு எங்கே நேர்ந்தது?

பதில் 1:
எதில் இரண்டு மடங்கு என்பது மக்கள் காதில் விழவில்லை. பழைய மாத்திரையை உட்கொண்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு இரத்தம் உறைந்தது, புதிய மாத்திரையில் இருவருக்கு. "100 சதவீதம் உயர்வு" என்றாலும் "7,000 பேரில் கூடுதலாக ஒருவர்" என்றாலும் கணக்கு ஒன்றுதான், ஆனால் முன்னதைக் கேட்டவர் மாத்திரையைக் குப்பையில் போடுவார், பின்னதைக் கேட்டவர் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று நினைப்பார். இதில் கொடுமை என்னவென்றால், கருவுற்ற காலத்தில் இரத்தம் உறையும் ஆபத்து எந்த மாத்திரையால் வருவதைவிடவும் அதிகம்.

பதில் 2:
பொதுமக்களை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்ட்ஸர் 160 மகளிர் மருத்துவர்களிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்: நூற்றில் ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் உண்டு; மேமோகிராம் சோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைக் கண்டுபிடிக்கும்; நோயில்லாதவர்களிலும் 9 சதவீதத்தினருக்கு நோய் இருப்பதாகக் காட்டிவிடும்; அப்படியானால் சோதனையில் நோய் எனக் காட்டப்பட்டவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 21 சதவீதத்தினரே சரியாகச் சொன்னார்கள். சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களாக எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பெண்களில் நோயுள்ள 10 பேரில் 9 பேர் அகப்படுவார்கள், நோயில்லாத 990 பேரில் சுமார் 89 பேரும் அகப்படுவார்கள். ஆக 98 பேரில் 9 பேருக்குத்தான் நோய். இம்முறையைக் கற்பித்த பிறகு 87 சதவீதத்தினர் சரியாகச் சொன்னார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, தெளிவாகப் புரிந்தது. ஆனால் "7,000 பேரில் ஒருவர்தானே" என்று சிறிய எண்ணைக் காட்டி, உண்மையான ஆபத்தை மறைத்துவிட முடியாதா?

பதில் 1:
தாராளமாக முடியும். பத்து லட்சம் பெண்கள் அம்மாத்திரையை எடுத்தால் அதே கணக்கில் கூடுதலாக 143 பேர் பாதிக்கப்படுவார்கள். மருந்தை அனுமதிக்கும் அதிகாரி அந்த எண்ணைப் பார்த்தாக வேண்டும். கையில் மாத்திரையோடு நிற்கும் பெண்ணுக்கோ, தன்னைப் போன்ற 7,000 பேரில் முன்பு எத்தனை பேர், இப்போது எத்தனை பேர், கருவுற்றால் எத்தனை பேர் என்ற மூன்று எண்களும் ஒரே வாக்கியத்தில் வேண்டும். அன்றைய அறிவிப்பில் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது "இரண்டு மடங்கு" என்ற சொல் மட்டுமே.