சிலுவைப்பாதைப் படங்களில் வேதனையை எவ்வளவு காட்டலாம்?

வைகைக்கரை ஓவியன்:
வாடிப்பட்டிப் பக்கம் ஒரு சிற்றாலயத்துக்குச் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும், அதாவது இயேசு சிலுவை சுமந்து போய் இறந்து அடக்கமானது வரையிலான காட்சிகளை, வரைகிறேன். இயேசு முதல்முறை விழும் மூன்றாம் நிலையில் அவர் முழங்கால் தோல் உரிந்து மண் ஒட்டியிருப்பதாக வரைந்தேன். "பிள்ளைகள் பயப்படும், புண்ணை அழித்துவிடுங்கள்" என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

அரசரடி வாசகி:
அழிக்காதீர்கள் தம்பி. ஜெர்மன் ஓவியர் குரூனவால்டின் இசன்ஹைம் பீட ஓவியத்தைப் பாருங்கள், கதவுபோல் திறந்து மூடும் பலகைகளில் வரைந்தது. 1512-1516 காலத்தில், அந்தோனியார் சபைத் துறவிகளின் மடத்துக்காக வரைந்தது. பூஞ்சை பிடித்த தானியத்தைத் தின்று கைகால் எரிந்து அழுகிய நோயாளிகளை அங்கேதான் பராமரித்தார்கள். அதில் இயேசுவின் உடம்பெல்லாம் புண், விரல்கள் முறுக்கி விரிந்திருக்கும். படுத்துக் கிடந்தவர்களுக்கு அவர் தங்களில் ஒருவர். அந்தக் கதவுகளைத் திறந்தால் உள்ளே உயிர்ப்பு: காயங்கள் இருக்கும், ஆனால் உடம்பே ஒளியாகியிருக்கும். இப்போது பிரான்சில் கோல்மார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்பிக்கை வேண்டுமென்றால் புண்ணை மறைக்க வேண்டியதில்லை, அடுத்த கதவு வேண்டும்.

மேலூர் வாத்தியார்:
அக்கா சொல்வது சரி. சில கோயில்களில் 15ஆவதாக உயிர்ப்பையும் வைக்கிறார்கள், பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அப்புறம், எட்டாம் நிலையில் அழும் எருசலேம் பெண்களுக்கு நம்ம ஊர் களையெடுக்கும் பெண்களின் முகம் கொடுங்களேன்.

வைகைக்கரை ஓவியன்:
நன்றி அக்கா, நன்றி ஐயா. முழங்கால் அப்படியே இருக்கட்டும். 15ஆவதுக்குச் சுவரில் இடம் இருக்கிறது, ஞாயிறு பூசை முடிந்ததும் பாதரிடம் பேசுகிறேன்.